ஆள் குறையாத வகுப்பு

வேன் போன பிறகும் வகுப்பறை வாசலில் செருப்புகள் கிடந்தன.

பார்த்ததும் சத்தியநாதனுக்கு எரிச்சல்தான் வந்தது. காலையிலிருந்து தொண்டை வறளச் சொல்லியிருந்தார், செருப்பைக் கழற்றாதீர்கள், காலேஜ் பிள்ளைகள் செருப்போடுதான் வகுப்புக்குள் போவார்கள், கழற்றி வைத்தால் இன்ஸ்பெக்ஷன் கமிட்டிக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று. கேட்டால்தானே. பாலசமுத்திரத்துக் கூலிக்காரர்கள்; தாத்தா காலத்திலிருந்து அடுத்தவர் வாசலில் கழற்றியே பழகிய கால்கள், கதவைக் கண்டதும் தாமாகக் கழற்றிவிட்டன. கமிட்டியின் கார் கேட்டைத் தாண்டி உள்ளே வந்த சமயத்தில் அவரே குனிந்து, அத்தனை ஜோடியையும் வாரி உள்ளே எறிந்து, மாட்டிக்கொள்ளுங்கள், மாட்டிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். தமிழ் இலக்கணம் நடத்தியே நரைத்துப்போன ஒரு விரிவுரையாளர் செய்த உருப்படியான கல்விப்பணி அது.

ஆனால் அவர்கள் போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டுதான் போனார்கள். ஒரு கையில் பிரியாணிப் பொட்டலமும் மறு கையில் வேன் கம்பியுமாக ஏறியதை அவர் பக்கத்தில் நின்றே பார்த்தார். ஒருவர்கூட வெறுங்காலோடு ஏறவில்லை. அப்படியானால் இவை யாருடையவை?

சுவரோரமாக, ஒன்றையொன்று தொடாமல், முன்பக்கம் கதவைப் பார்க்க வரிசையாக இருந்தன. வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு ஒன்று. சிமெண்ட் பால் காய்ந்து வெளுத்த ஜோடி ஒன்று. குதிகால் உருகிச் சப்பிப்போன கறுப்பு ஷூ ஒன்று. இன்னும் சில, பொழுது மங்கியதில் சரியாகத் தெரியவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது, கரண்ட் மத்தியானமே போய்விட்டது, குன்றுப் பக்கமிருந்து ஈர மண் வாசனையோடு காற்று வராந்தாவில் நுழைந்து காலி அறைகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போயிற்று.

காலி அறைகளுக்கு அந்தக் கட்டடத்தில் குறைவே இல்லை. சித்தூரிலிருந்து வேலூர் போகும் ரோட்டில், குன்றின் அடியில் நின்ற அந்தக் கல்லூரிக்கு 'வட்டாரப் பல்கலைக்கழகக் கல்லூரி' என்று மூன்று மொழிகளில் பெயர்ப்பலகை இருந்த காலம் உண்டு. போன வருஷம் அதைத் திருப்பதியிலுள்ள பெரிய பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். இது ஒரு கல்யாணம் என்று மேடையில் ஒரு மந்திரி பேசினார். பெண்ணை அனுப்பிய கையோடு பெண் வீட்டை இடிக்கிற கல்யாணம் என்பது லாரிகள் வர ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. முதல் லாரியில் இயற்பியல் துறையின் மேஜைகள் போயின. அப்புறம் காமர்ஸ்காரர்களின் கம்ப்யூட்டர்கள், அப்புறம் ஆபீஸ், அதன் குமாஸ்தாக்களோடு. கடைசியாகக் குடிதண்ணீர் ஃபில்டரையும் கழற்றிக்கொண்டு போனார்கள். புதுப் பெயர்ப்பலகையில் இரண்டு மொழிகள்தான். தமிழ் செக்ஷனை மட்டும் யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. வேண்டியவர்கள் இருந்தால்தானே.

முப்பது பேர் இருந்தால் செக்ஷன் இருக்கும், இல்லாவிட்டால் மூடப்படும் என்று ஆர்டர் வந்தது. முப்பது பேருக்கு அவர் எங்கே போவார்? உலகம் திறந்துவிட்டதாகப் பேப்பரில் எழுதினார்கள். திறந்த வழியாகப் பிள்ளைகள் எல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள், பெங்களூரில் கட்டடம் கட்ட, அங்கேயே கார்மெண்ட்ஸில் தைக்க, துபாய்க்கு, குவைத்துக்கு. போன மாதம் அவரிடம் மிச்சமிருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

ஆள் இரவல் வாங்குவது இந்தக் கல்லூரிக்குப் புதிதல்ல. இயற்பியலுக்கு இன்ஸ்பெக்ஷன் என்றால் காமர்ஸ் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பார்கள். காமர்ஸுக்கு வந்தால் இயற்பியல்காரர்கள் கடனைத் திருப்பிவிடுவார்கள். இப்போது இரவல் கொடுக்க இரண்டு துறையுமே இல்லை. அதனால் சத்தியநாதன் பாலசமுத்திரத்து மேஸ்திரி துலுக்காணத்திடம் போனார். பெங்களூர்க் கட்டடங்களுக்கு ஆள் அனுப்புகிறவன், ஒரு நாளைக்குக் கல்லூரிக்கும் அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்வரிசையில் உட்காருகிற மனிதருக்கு இது பாவமாகவே படவில்லை.

படாததற்குக் காரணம் இருந்தது. காலியான பெஞ்சுக்கு ஆள் இருக்கிற மாதிரி நடப்பது அவருக்கு வெகுநாள் பழக்கம். படிப்பை விட்டு வேலைக்குப் போன எவனும் டி.சி. வாங்கிக்கொண்டு போகவில்லை. டி.சி. வாங்காதவன் சட்டப்படி இன்னும் மாணவன்தான். அதைப் பிடித்துக்கொண்டு வருஷத்துக்கு வருஷம் அந்தப் பெயர்களை அவர் சுமந்து வந்தார். தினமும் காலையில் எல்லாப் பெயரையும் கூப்பிடுவார், இருக்கிற நாலைந்து பேர் இல்லாதவர்களுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பார்கள். அவர்களும் ஒவ்வொருவராகப் போன பிறகு அவரே கூப்பிட்டு, அவரே "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொண்டார். நாகலாபுரத்து கிரண்குமார் பெங்களூரில் சாரம் சரிந்து செத்தபோது, அவர் நாகலாபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய் அந்தப் பையனின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் கிரண்குமாருக்கும் 'உள்ளேன்' போட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. போட்டார்.

வரிசையில் கடைசிப் பெயர் டெபோரா. அவருடைய மகள்.

அரை வருஷம் அவரிடமே படித்தாள். அப்புறம் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொல்லிவிட்டாள்: "தமிழ் பட்ச்சிட்டு இன்னா நைனா பண்றது? உன்ன மாதிரி பெஞ்சிக்குப் பாடம் சொல்லிக்கினு இருக்கறதா?" குவைத்தில் ஒரு வீட்டில் படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போனாள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் சர்ச்சுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் போன் வரும். அவர் எப்போதும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். "உன் சீட்டு இங்கதான் இருக்குதும்மா. பேர எடுக்கல. வந்துடு." அந்த வாக்கியம் பொய்யாகாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் செக்ஷன் வேண்டும், முப்பது பேர் வேண்டும், துலுக்காணம் வேண்டும், செருப்பைப் பொறுக்க வேண்டும்.

போன ஞாயிறு போன் வரவில்லை.

இன்று காலை அவர் சட்டையை மாட்டும்போது மனைவி கிரேஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னாங்க, பூத்துக்காரன் சொன்னான். குவைத்திலேர்ந்து யாரோ பண்ணாங்களாம். பொண்ணு இல்ல, ஆம்பள. இந்தில இன்னாவோ சொன்னானாம், இவனுக்குப் புரியலியாம். சாயங்காலம் மறுபடி பண்றேன்னது மட்டும் புரிஞ்சிதாம். நீங்க இருங்க இன்னைக்கு."

"இன்னைக்கு இன்ஸ்பெக்ஷன், கிரேஸ்."

"எனக்கு மனசு சரியில்லங்க."

"டூட்டி மாத்தி இருப்பாங்க. சாயங்காலம் வந்து பேசறேன்." அவள் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கினார்.

இன்ஸ்பெக்ஷன் நன்றாகவே முடிந்தது. அதுதான் வேடிக்கை. வந்த ஆள் குறைவு என்று காலையிலேயே பார்த்துவிட்டார், முன்பக்கத்துப் பெஞ்சுகளைத் தாண்டி ஆள் தேறாது என்று பட்டது. ஆனால் கமிட்டியின் தலைவியம்மாள் உள்ளே வந்து, கண்ணாடிக்கு மேலே பார்வையை ஓட்டி, வாய்க்குள் எண்ணிவிட்டு, "கிளாஸ் நிண்டுகா உந்தி, மாஸ்டாரு" என்றார். வகுப்பு நிறைந்திருக்கிறதாம். கடைசிப் பெஞ்சுக்காரர்கள் ரொம்ப அமைதி என்று வேறு மெச்சினார். தமிழ் செக்ஷன் தொடரும். அவர் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், திரும்பிப் பெஞ்சுகளைப் பார்க்கத் தோன்றவில்லை.

வேன் கிளம்பும்போது துலுக்காணம் பீடியை வாயிலிருந்து எடுத்து, ஏதோ பாராட்டுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான். இப்போது, செருப்புகளின் முன்னால் நிற்கும்போது, அந்தப் பேச்சு மறுபடி காதில் விழுந்தது.

"பெங்களூர்ல காங்கிரீட்டுன்னு எங்காளுங்க பாதிபேரு நேத்தே பூட்டானுங்க, சார். நான் கூட்டிக்கினு வந்தது முன்னாடி பெஞ்சிக்குத்தான். பின்னாடிக்கு நீங்களே புட்ச்சிக்கினு வந்துட்டீங்க, பலே ஆளு. ஆனா இன்னா சார் அவுங்க, சோறு குட்த்தா துன்ன மாட்டேன்றாங்க?"

சத்தியநாதன் உள்ளே போயிருக்கக் கூடாது. ஆனால் ஜன்னல்கள் திறந்திருந்தன, மழை வந்துகொண்டிருந்தது, நாளைக்கும் அது அவருடைய வகுப்பு. வண்டியைத் தவறவிட்ட சோம்பேறிகள் சிலர் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு கதவைத் தள்ளினார்.

உள்ளே கூலிக்காரர்களின் வியர்வையும் மசாலாவும் இன்னும் மிச்சமிருந்தன. அதற்கு அடியில் வேறு வாசனைகள். புதிதாகக் கலந்த சிமெண்டின் வாசனை. கருகிய பிளாஸ்டிக்கின் வாசனை. வெகுநாள் மூடிக் கிடந்த மரப்பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை. ஜன்னல் வெளிச்சம் முன்பெஞ்சுகளோடு நின்றுவிட்டது, அவை காலி. பின்னால் இரண்டு பெஞ்சில் தலைகள் இருந்தன, வலப்புறம் ஆண்கள், இடப்புறம் பெண்கள், அவர் உட்கார வைக்கிற அதே முறையில்.

"யாருப்பா அது? வேன் பூட்டுது. எழுந்து போங்க."

எழுந்தார்கள். பெஞ்சு கிறீச்சிடவில்லை, துணி சரசரக்கவில்லை. எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். ஆசிரியர் உள்ளே வந்தால் மாணவர்கள் நிற்பது போல.

கூலிக்காரர்களுக்கு அந்தப் பழக்கத்தை அவர் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தது வேறு சிலருக்கு. ஓரத்தில் நின்றவனின் தலைமுடி நரைத்துவிட்டதா என்று பார்த்தார். நரையில்லை, சிமெண்ட் தூள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, சாய வேண்டிய அளவுக்கு மேல். அந்தத் தலைமாட்டில்தான் அவர் உட்கார்ந்திருந்தார், நாகலாபுரத்தில்.

திரும்பி ஓடியிருக்கலாம். யாரும் மறிக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது.

"ஐயா," என்றான் கிரண்குமார். மரியாதையாகத்தான். "அட்டென்டன்ஸ், ஐயா."

"ஆபீஸ்... ஆபீஸ் திருப்பதிக்குப் போயிட்டுது, கண்ணா." தம் வாயிலிருந்து வருவது அவருக்கே கேட்டது. "டி.சி. வேணும்னா அங்க போங்க. அங்கதான் தருவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. நின்றார்கள். அவருடைய வகுப்பில் ஒரு விதி உண்டு: பெயர் கூப்பிட்டு முடியும் வரை யாரும் வெளியே போகக் கூடாது. பெயருக்குப் பதில் சொல்லி, அவர் உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும். கூப்பிட்டுவிட்டால் முடிந்துவிடும். முடிந்தால் போய்விடுவார்கள். ஆண்டவரே, முடிந்தால் போய்விடுவார்கள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பெயர்கள் மனப்பாடம், ஏட்டைத் தேட வேண்டியதில்லை.

"கிரண்குமார்."

"உள்ளேன் ஐயா."

"உட்கார்."

உட்கார்ந்தான். இவ்வளவுதானா? அவருக்கு மூச்சு வந்தது.

"பத்மினி."

பதில் இல்லை. மழையின் முதல் துளிகள் கூரைத் தகரத்தில் விழுந்தன.

"யமுனா."

பதில் இல்லை. யமுனா பெங்களூரில் தைக்கிறாள், பொங்கலுக்கு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். பத்மினிக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது.

"வரதராஜன்."

"உள்ளேன் ஐயா." கருகிய வாசனை ஒரு தடவை பலமாக வீசியது. பிளாஸ்டிக் கம்பெனியில் தீ. அது நடந்து இரண்டு தீபாவளி போய்விட்டது.

"சுலோசனா."

"உள்ளேன் ஐயா." மஸ்கட்டில் காய்ச்சல் கண்டு போனவள். பெட்டி வந்து சேரவே ஒரு மாதம் ஆயிற்று. திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போது அவருக்கு விளங்கியது. உயிரோடு இருப்பவர்கள் பதில் சொல்லவில்லை. எத்தனை சுலபமான பரீட்சை. பெயரைக் கூப்பிட வேண்டும், சத்தம் வராவிட்டால் நல்ல செய்தி. அடுத்த பெயர் பவன்குமார். அவன் துபாயில் லாரி ஓட்டுகிறான். போன வாரம்தான் அவன் அம்மா ரத்னம்மா நகரி ஸ்டேஷனில் அவரைப் பார்த்து, பையன் வீட்டுக்குச் சலவைக்கல் அனுப்பப் போகிறான் என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். அவனுக்குப் பதில் வராது.

"பவன்குமார்."

வராது.

"உள்ளேன் ஐயா."

அவர் நின்றார். ரத்னம்மாவுக்கு இன்னும் தெரியாது. அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. இங்கே, இந்த அறையில், அவருக்கு மட்டும் தெரியும்.

"உட்கார்," என்றார். அவன் உட்கார்ந்தான்.

இன்னும் சில பெயர்கள். சிலவற்றுக்கு மழை. சிலவற்றுக்குக் குரல். ஒவ்வொரு மழைக்கும் ஒரு நன்றி. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு குத்து.

பிறகு ஒரே ஒரு பெயர்.

தினமும் கூப்பிட்ட பெயர். கூப்பிட்டு, தாமே பதில் சொன்ன பெயர். கூப்பிட்டுச் சத்தம் வராவிட்டால் மகள் இருக்கிறாள். குவைத்தில், ஏதோ ஒரு அடுக்களையில், அவர்மேல் இன்னும் கோபமாக, இருக்கிறாள். ஓடிப்போய்க் கிரேஸிடம் சொல்லிவிடலாம், அழாதே, ஒன்றும் இல்லை என்று. ஒரு பெயர்தான். மூன்று எழுத்து.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. டெ.

வாயை மூடிக்கொண்டார். பல்லால் உதட்டைக் கடித்தார். கூப்பிட மாட்டேன். இந்த அறையில் அந்தப் பெயரை இனி எப்போதும் கூப்பிட மாட்டேன். பெயரை அடித்துவிடு. செக்ஷன் வேண்டாம். மூடிக்கொள்ளட்டும், திருப்பதிக்கே எடுத்துக்கொண்டு போகட்டும், அங்கே லைப்ரரியில் போட்டால் புத்தகத்துக்குத் தூசி தட்டுகிறேன். சீட்டு இல்லை, அம்மா. உனக்கு இங்கே சீட்டு இல்லை. வராதே.

ஏற்கெனவே உட்கார்ந்தவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தார்கள். வகுப்பு இன்னும் முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

தூரத்தில், சர்ச் இருக்கும் பக்கம், யாரோ ஒரு பெண் அலறியது போல இருந்தது. மழைச் சத்தமாக இருக்கலாம். கிரேஸின் குரல் இவ்வளவு தூரம் கேட்காது. கேட்காது.

பெண்கள் பெஞ்சில் அசைவு. சுலோசனா நகர்ந்தாள். அவளுக்கு அடுத்தவளும் நகர்ந்தாள். ஓரத்தில் இடம் விட்டார்கள். ஓர் ஆள் உட்கார.

"இல்ல," என்றார். "இல்ல, நான் கூப்புடல. நான் கூப்புடவே இல்ல."

வராந்தாவில் காலடி.

செருப்புச் சத்தம் இல்லை. வெறுங்கால். ஈரச் சிமெண்டில் மெதுவாக. அவசரமில்லாமல். ஒவ்வொரு அடிக்கும் கூடவே இன்னொரு சின்னச் சத்தம், அட்டை தரையில் உரசுவது போல. அடி. உரசல். அடி. உரசல். காலி அறைகளைத் தாண்டியது. செருப்பு வரிசையைத் தாண்டியது. கழற்றுவதற்கு ஒன்றும் இல்லாததால் நிற்கவில்லை.

குளிர் வந்தது. மழைக் குளிர் இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி அறையின் பெரிய இரும்பு டிராயரை இழுத்தால் வருகிற குளிர்.

வாசலில் நின்றது.

"லேட்டாயிட்டுது, நைனா."

அவர் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் முகம் தெரியும்.

"தெனமும் கூப்புட்டுக்கினே இருந்தியே. வந்துட்டேன். உள்ள வரட்டா?"

மகள் கேட்டால் அப்பன் என்ன சொல்வான்? தொண்டைக்குள் அந்த ஒரு சொல் எழும்பி வந்தது, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் சொல்லிப் பழகிய சொல். வாயைக் கைகளால் பொத்திக்கொண்டு தரையையே பார்த்தார். நிலைப்படியைத் தாண்டி ஒரு கால் உள்ளே வந்து நின்றது. நீலம் பாரித்த கால். பெருவிரலில் வெள்ளை நூலால் ஓர் அட்டையைக் கட்டியிருந்தார்கள். அட்டையில் ஒரு பெயர் எழுதியிருந்தது, வலமிருந்து இடமாக, அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்.